உன் பேருக்குப் போட்ட கையெழுத்துகள்

அன்பான பேச்சியக்கா,

நீ நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. நீ எங்கே போனாலும் உனக்கென்று ஓர் இடம் போட்டு வைத்திருப்பார்கள். உட்கார்ந்திருப்பாய். நான்தான் இங்கே இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போய் ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் மேல் எனக்கு இருக்கிற பொறாமை போகவில்லை, குறையக்கூட இல்லை. செத்தவர்கள் மேல் பொறாமைப்படக் கூடாது என்று யாராவது சொன்னால், அவர்கள் உன்னோடு குப்பை பொறுக்கப் போகாதவர்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. நாகலாபுரத்துப் பக்கம் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பேர் நாம். நீ மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. மழை இல்லாமல் மானம் பார்த்த பூமி ஏமாற்ற, ஆம்பிளைகள் இரண்டு பேரும் கிணறு வெட்ட வெளியூர் போய்விட, நாம் கோவில்பட்டிக்கு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போனோம். எனக்கு விரல் ஓடவில்லை, உனக்கு மருந்து வாடை தலைவலியைக் கொடுத்தது. சாக்கை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினோம். ஒரே நாளில்தானே இறங்கினோம்? பிறகு எப்படி நீ எனக்கு முன்னாலே போனாய்?

நான் ஊர் எழுந்திரிக்கிறதுக்குள்ளே எழுந்து, நாய்க்கும் பன்றிக்கும் முந்திக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போவேன். நீ சாவகாசமாகத் தலை சீவி, வெற்றிலை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்புவாய். மத்தியானம் பழைய இரும்புக் கடையில் இரண்டு பேர் மூட்டையையும் தராசில் வைத்தால் உன் மூட்டைதான் கனக்கும். அதுவும் சுத்தமாக இருக்கும். என்னுடையதை அந்தக் கடை அண்ணாச்சி விரித்துப் பார்த்து, "என்ன தாயி, பாதி கரிசமண்ணா இருக்கு? மண்ணுக்குமா எடை போடச் சொல்லுத?" என்பார். உனக்கோ ஸ்டூலை எடுத்துப் போடுவார். பத்து வருசத்தில் எனக்கு ஒரு நாள் அந்த ஸ்டூல் கிடைத்ததில்லை.

உன் சூட்சுமம் என்னவென்று எனக்குத் தெரியும். உரச்சாக்கு. யூரியா வந்த காலிச் சாக்குகளை வாங்கி, வாய்க்காலில் அலசிக் காயப்போட்டு, கிணத்துத் தெருவிலும் அதை ஒட்டின இரண்டு சந்திலும் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாய். "குப்பைத்தொட்டியில போடாதீக தாயி, காஞ்சதை எல்லாம் இதுல போட்டு வையுங்க, நான் வந்து எடுத்துக்கிடுதேன்." நிறைந்த சாக்கை எடுத்துக்கொண்டு காலிச் சாக்கை வைத்துவிட்டு வருவாய். அவ்வளவுதான் வித்தை. நாம் வந்த புதிதில் பேப்பரும் பாட்டிலும் தகரமும்தான் கிடைக்கும். பிறகு பால் கவரில் வந்தது, எண்ணெய் கவரில் வந்தது, ஷாம்பு சின்னப் பொட்டலத்தில் வந்தது. ஊரெல்லாம் கவராகிக் காற்றில் பறந்து கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தபோது, உன் மூன்று தெருவில் மட்டும் பெண்கள் பால் கவரைக் கழுவி, கொடியில் துணி மாதிரி காயப்போட்டு, மடித்து உன் சாக்கில் போட்டார்கள். நானும் உன்னைப் பார்த்து வேறு தெருவில் சாக்கு கொடுத்தேன். அந்தச் சாக்கை அவர்கள் கால் மிதிக்கப் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு இருந்த ஒரே பெருமை, எனக்குப் படிக்கத் தெரியும். எட்டாம் வகுப்பு வரைக்கும் போனேன். கடையில் போடுகிறதுக்கு முன்னால் பழைய பேப்பரை எல்லாம் படித்துவிடுவேன். உனக்கு உன் பேரைக்கூட எழுத வராது. ஆனால் அதையும் நீ விட்டுவைத்தாயா? "ஏட்டி ஆவுடை, இந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்கு, வாசி கேப்போம்" என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். வாசிக்கிற நான் வேலைக்காரி மாதிரியும் கேட்கிற நீ மகாராணி மாதிரியும் ஆகிவிடும்.

ஒரு நாள் தெருக்குழாயில் தண்ணீர் வருகிற முறை. குடம் குடமாக வரிசை போட்டிருந்தார்கள். பச்சை, சிவப்பு, கறுப்பு. நீ அதைக் காட்டி, "பாத்தியா, நாம பொறுக்கிப் போட்டதுதான் உருகி, குடமா வந்து தண்ணிக்கு நிக்குது" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தப் பேச்சு எனக்கு ஏன் தோன்றவில்லை? நானும்தானே பொறுக்கினேன்?

நீ செத்த விதத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவாயா? மஞ்சள்காமாலை என்று ஊருக்குக் கூட்டிப் போனோம். மூன்று நாள். யாருக்கும் பாரமாகக் கிடக்கவில்லை. சனம் எல்லாம் வந்து அழுதது. நான் அழவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டேன், வந்தவர்களுக்குக் காப்பி போட்டேன்.

காரியம் முடிந்து கோவில்பட்டிக்குத் திரும்பினதும் என்ன செய்தேன் தெரியுமா? உன் காலிச் சாக்குகளை எடுத்துக்கொண்டு நேராக உன் கிணத்துத் தெருவுக்குப் போனேன். குப்பை பொறுக்குகிற பக்கத்து ஊர்க்காரிகள் யாராவது உள்ளே வந்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட ஆசைதான் பெரிது. வெயிலுக்கும் வாடைக்குமாக நீ கட்டுகிற மாதிரியே தலையையும் மூக்கையும் சேர்த்துத் துண்டு கட்டியிருந்தேன். முதல் வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன பேச்சி, பத்து நாளா ஆளைக் காணோம்? சாக்கு கதவுகிட்ட இருக்கு பாரு."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேச்சி செத்துப் போனாள் அம்மா என்று. சொல்லியிருந்தால் "ஐயோ, நம்ம பேச்சியா!" என்று ஆரம்பிப்பார்கள். உன் அருமை பெருமையை எல்லாம் வாசல் வாசலாக நின்று நான் கேட்க வேண்டும். அது என்னால் முடியாது. "ஆமாம்மா, உடம்புக்கு முடியலை" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டேன்.

அன்றைக்குத் தொடங்கியது பதினொரு மாதம் ஓடியது. உன் தெருவில், உன் சாக்கில், உன் பேருக்கு "வாரேம்மா" என்று சொல்லிக்கொண்டு பொறுக்கினேன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூலைவீட்டு டீச்சருக்குத்தான் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு பேசுவாயே, அது எனக்குத் தெரியாதா? அதனால் அவர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கழுகுமலை பஸ் ஏறின பிறகுதான் அந்த வாசலுக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் அந்தப் பக்கமே தலை காட்டுவதில்லை; டீச்சர் கேட்டால் உடம்புக்கு முடியலை என்று சொல்லும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தேன். தீபாவளிக்கு அவர்கள் சாக்குக்குள் ஒரு சேலை இருந்தது. மாம்பழக் கலர், கரும்பச்சைக் கரை. உனக்கு வைத்தது. நான் எடுத்துக் கட்டிக்கொண்டேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பிறகுதான் நகராட்சியில் அந்தத் திட்டம் வந்தது. இனிமேல் வீட்டுக் குப்பையை மகளிர் குழு மூலமாக எடுக்கப் போகிறார்கள், தெருவுக்கு ஓர் ஆள், மூன்று சக்கர வண்டி, பச்சைக் கோட்டு, போட்டோ ஒட்டின அட்டை. அட்டை இல்லாதவர்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழையக் கூடாது. ஏற்கெனவே பொறுக்குகிறவர்களும் சேரலாம், ஆனால் அந்தத் தெருக்காரர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த மூன்று தெரு போனால் எனக்குக் குப்பைமேடும் கிடையாது. அதற்கும் வேலி போடப் போகிறார்கள் என்று கேள்வி.

அடுத்த நாள் டீச்சர் வீட்டுச் சாக்கின் வாயில் ஒரு கவர் செருகியிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் சொன்னது: "பேச்சி, அதை ஆபீஸ்ல குடுக்கச் சொன்னாவ டீச்சர். தெருவே கையெழுத்துப் போட்டிருக்கு."

தெருமுனைக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். எனக்குப் படிக்க வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? 'எங்கள் தெருக்களில் பல ஆண்டுகளாக நேர்மையுடன் குப்பையைப் பிரித்து எடுத்துவரும் திருமதி பேச்சியம்மாள் அவர்களுக்கே இந்தப் பணியை வழங்க வேண்டுமாய்...' கீழே இரண்டு பக்கம் நிறையக் கையெழுத்து. சிரிப்பு வந்தது, அப்புறம் அதே வேகத்தில் வயிற்றெரிச்சல் வந்தது. செத்து எரித்துச் சாம்பல் கரைத்த ஒருத்திக்கு மூன்று தெரு கையெழுத்துப் போட்டிருக்கிறது. உயிரோடு தினமும் வந்து மூட்டை தூக்குகிறவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆபீஸில் இருந்த எழுத்தர் நல்ல மனுசர். மனுவைப் பார்த்தார், என் ரேஷன் கார்டைப் பார்த்தார்.

"இதுல ஆவுடைத்தாய்னுல்லா இருக்கு? மனுல பேச்சியம்மாள்னு இருக்கே?"

"எங்க ஓரகத்தி சார் அவ. செத்துப் போயிட்டா. அவிய எல்லாம் என்னைய அவதான்னு நெனச்சுட்டாவ."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, தெருவுல உன்னைய அப்படித்தான கூப்பிடுதாவ? 'ஆவுடைத்தாய் என்ற பேச்சியம்மாள்'னு போட்டுருவோம். ஒரு 'என்ற' போட்டா சோலி முடிஞ்சுது" என்றார்.

பேனாவைத் திறந்துவிட்டார் அக்கா. நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்த அட்டை என் கண் முன்னால் வந்தது. என் போட்டோ, என் பேர், பக்கத்திலேயே நீ காலை நீட்டிக்கொண்டு. செத்த பிறகும் என் கழுத்தில் தொங்குவாயா நீ?

"வேண்டாம் சார். எம்பேரு மட்டும்தான் இருக்கணும்."

"அப்பம் வேற மனு வாங்கிட்டு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும், அதுக்கு மேல எங்கையில இல்லை."

பொறாமை நல்லது செய்யாது என்று சொல்வார்கள். என்னைக் கொண்டுபோய் வாசல் வாசலாக உண்மை பேச வைத்தது அதுதான்.

துண்டை அவிழ்த்துவிட்டுப் போனேன். உனக்குக் கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊர்ச் சுவரில் யாரும் போஸ்டர் ஒட்டவில்லை. பதினொரு மாதம் கழித்து நான்தான் கதவு தட்டிச் சொன்னேன். "அம்மா, பேச்சி செத்துப் போயிட்டா. இவ்வளவு நாளும் வந்தது நான். எம்பேரு ஆவுடைத்தாய். தப்புத்தான், மன்னிச்சுக்கிடுங்க."

ஒரு அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள். என் முன்னாலேயே, உனக்காக. எனக்கு எப்படி இருந்திருக்கும்? கையில் மனுவை வைத்துக்கொண்டு, அழுது முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் கோபப்பட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு அவரே திறந்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வீட்டில் ஒருத்தி யோசித்துவிட்டுக் கேட்டாள். "பேச்சின்னா யாரு, ஒசரமா, செவப்பா, மூக்குத்தி போட்டிருப்பாளே அவளா?"

உன்னைப் போய் உயரம் என்கிறாள் அக்கா. அண்ணாச்சி கடைத் தராசுக்கு எட்டாமல் நீ கல் மேல் ஏறி நிற்பாய். மூக்கே குத்தவில்லை உனக்கு. பத்து வருசம் அவள் வீட்டுக் கவரைச் சுமந்திருக்கிறாய், அவள் கையாலேயே உன் பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், உன் முகத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோசமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? "அவ கட்டை, கறுப்பு, மூக்குத்தி கெடையாது. சிரிச்சா வலது பக்கத்துப் பல்லு ஒண்ணு இருக்காது. பாக்கவே இல்லையா நீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டேன். கையெழுத்துக்குப் போன இடத்தில் சண்டை. அவள் மிரண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தாள்.

டீச்சர் வீட்டுக்குத்தான் கடைசியாகப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வாசலில் காத்திருந்தேன். விசயத்தைச் சொன்னதும் அவர்கள் அழவில்லை. என் சேலையைப் பார்த்தார்கள். மாம்பழக் கலர், கரும்பச்சைக் கரை. நான் அதை மாற்றிக்கொண்டு போகாத மடச்சி.

"பதினோரு மாசமா செத்தவளுக்கு நான் சாக்கு கட்டி வச்சிருக்கேன். இல்லையா?"

"ஆமாம்மா."

"போ. எம்மொகத்துல முழிக்காத."

அவர்கள் போடவில்லை. மற்ற கையெழுத்துகளே போதும் என்றார் எழுத்தர். அட்டை வந்துவிட்டது. ஆவுடைத்தாய். முன்னாலும் பின்னாலும் வேறு பேர் இல்லை. கோட்டு முழங்கால் வரைக்கும் தொங்குகிறது, வண்டியின் இடது சக்கரம் கத்துகிறது, ஆனாலும் விசில் ஊதினால் தெருவே எழுந்து வருகிறது. பாதிப் பேர் இன்னும் 'பேச்சி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாய் பழகிவிட்டதாம். அண்ணாச்சி கடையில் என் மூட்டையும் இப்போது சுத்தம். ஸ்டூல் இன்னும் வரவில்லை.

டீச்சரைச் சொல்ல வேண்டும். உனக்காகப் பால் கவரை அரிந்து, அலசி, மடித்துக் கொடுத்த அந்தக் கை, எனக்கு எச்சில் சோற்றையும் மீன் முள்ளையும் கவரையும் ஒன்றாகக் கலந்து கட்டி, வண்டியில் ஓங்கிப் போட்டது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு மாதம். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தெருவோரத்தில் உட்கார்ந்து அதைத் தனித்தனியாகப் பிரிப்பேன். பிரிக்கும்போது எனக்குப் புரிந்தது. மூன்று தெருவில் உன்னை உண்மையாகவே தெரிந்துவைத்திருந்தது அந்த ஒருவர்தான். அதனால்தான் இந்தக் கோபம். எனக்காக இப்படி நாலு மாதம் கோபத்தை வைத்திருக்க இந்த உலகத்தில் யாராவது இருக்கிறார்களா? அதற்கும் பொறாமைப்பட்டேன்.

போன வாரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது கேட்டில் நின்றார்கள். கையில் பை இல்லை.

"சாகும்போது ரொம்ப செரமப்பட்டாளா?"

"மூணு நாளும்மா. கடைசி நாளு பேச்சில்லை."

"என்னையக் கேட்டாளா?"

இப்போது சொல்கிறேன் அக்கா, நீதான் சாட்சி. இரண்டாவது நாள் என் கையைப் பிடித்து, "டீச்சருகிட்ட சொல்லிருட்டி, காத்துக்கிட்டு இருப்பாவ" என்று நீ சொன்னாய். மூன்று நாள் உன் தலைமாட்டில் கிடந்தவள் நான். எனக்கென்று ஒரு சொல் சொல்லவில்லை நீ. அதனால்தான் சொல்லாமல் விட்டேன். மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

அதை அப்படியே டீச்சரிடம் சொன்னேன். நான் விட்டதையும், ஏன் விட்டேன் என்பதையும். அவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடுப்படியில் வராதது, நடுத்தெருவில், பச்சைக் கோட்டில் வழிந்தது.

"உம்பேரு என்னன்னு சொன்ன?"

"ஆவுடைத்தாய்ம்மா."

"நாளைக்கு வரும்போது ஒரு சாக்கு கொண்டா ஆவுடை."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் டீச்சர், என் பேரைச் சொல்லி, சாக்கு கேட்டுவிட்டார்கள். சக்கரம் கத்தக் கத்தத் தெருமுனை வரைக்கும் ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனேன். இதை உடனே சொல்லி ஒருத்தி வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டும் என்று இருந்தது. அங்கே போய் நின்றுகொண்டு யாரைத் தேடினேன் தெரியுமா? ஜெயித்ததைச் சொல்ல எனக்கு இருந்த ஆள் நீ ஒருத்திதான். நீ இல்லை.

அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இனி யாராவது 'பேச்சி' என்று கூப்பிட்டால் 'வாரேம்மா' என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். வண்டியை நிறுத்தி, "பேச்சி செத்துப் போயிட்டாம்மா. கட்டையா, கறுப்பா இருப்பா. நான் அவ ஓரகத்தி" என்று முழுசாகச் சொல்வேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் அத்தனை தடவையும் சொல்வேன். அவர்கள் உன்னைச் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும். பிறகு என்னைத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னும் பொறாமை தீராத,
உன் கொழுந்தன் பெண்டாட்டி,
ஆவுடைத்தாய்